போலஸுக்கு அடியில் ஓர் இடைவெளி: மார்புச்சுவர் கதிர்சிகிச்சையில் தோல் டோஸை அளந்த ஒரு நிகழ்வு

பின்னணி

நோயாளி ஐம்பது வயதை நெருங்கும் பெண். இடது மார்பகப் புற்றுநோய். கட்டி தோலை உடைத்துப் புண்ணாக வெளியே வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். நோய்நிலைக் கணக்கில் அது டி4பி. முதலில் கீமோ கொடுத்தார்கள். பிறகு மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறியதும் எங்கள் கதிர்சிகிச்சைத் துறைக்கு அனுப்பினார்கள். நான் அங்கே ஃபிசிசிஸ்டாக இருக்கிறேன்.

மருத்துவர் எழுதிய சிகிச்சை இது: மார்புச்சுவருக்கும் கழுத்தெலும்புக்கு மேலுள்ள பகுதிக்கும் லினாக் என்ற கதிர் இயந்திரத்தில் 6 எம்.வி. (மில்லியன் வோல்ட்) எக்ஸ் கதிர், 25 தவணைகளில் 50 கிரே. உடல் வாங்கும் கதிரின் அளவுதான் டோஸ், அதன் அலகு கிரே. அது முடிந்ததும் தழும்புக்கு மட்டும் எலக்ட்ரான் கற்றையில் 5 தவணைகளில் 10 கிரே.

பெரும்பாலான கதிர்சிகிச்சையில் தோல் தப்பிக்க வேண்டும் என்றுதான் விரும்புவோம். 6 எம்.வி. கதிர் அதற்கு ஒத்துழைக்கும். அதன் உச்ச டோஸ் தோலுக்கு ஒன்றரை செ.மீ. ஆழத்தில்தான் விழும். நேராகப் படும் 10க்கு 10 செ.மீ. புலத்தில், அதாவது கதிர் படும் பரப்பில், தோலின் மேற்பரப்புக்கு உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகக் கிடைக்காது. ஆனால் இந்த நோயாளிக்குத் தோலே இலக்கு. நோய் தோல் வழியாக வெளியே வந்திருக்கிறது. அங்கே டோஸ் குறைந்தால் தழும்பை ஒட்டியே அது திரும்பி வரலாம். அதனால் தினமும் மார்பின் மேல் 5 மி.மீ. தடிமனுள்ள ஜெல் ஷீட்டைப் போலஸாக, அதாவது தோலுக்கு மேல் வைக்கும் செயற்கை அடுக்காக, விரிக்க வேண்டும் என்று முடிவானது. கதிர் அந்த ஷீட்டுக்குள்ளேயே வலுவேறி, தோலைத் தொடும்போது ஏறக்குறைய முழு டோஸுடன் இருக்கும்.

நோயாளிக்கு ஒரு பயம் இருந்தது. அவருடைய பெரியம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் கோபால்ட் இயந்திரத்தில் சிகிச்சை நடந்து, தோல் மோசமாக உரிந்திருக்கிறது. "கரண்ட் வெச்சா கருகிடும்னு சொல்றாங்களே சார், எனக்கும் அப்படி ஆயிடுமா?" என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டார். பயம் ஆதாரமில்லாதது அல்ல. கோபால்ட் கதிரின் உச்சம் அரை செ.மீ. ஆழத்திலேயே விழும், தோல் தப்பிப்பது குறைவு. இப்போது நாங்களே போலஸ் போட்டு டோஸைத் தோலுக்கு இழுத்துவருகிறோம் என்பதை மருத்துவர் அவரிடம் மறைக்காமல் சொன்னார். தோல் கறுக்கும், எரியும், சில இடங்களில் உரியவும் கூடும். எவ்வளவு படுகிறது என்பதை அளந்துகொண்டே போவோம் என்றும் சொன்னார்.

திட்டம் போட்ட விதம்

திட்டமிடலுக்கான சி.டி.யைப் போலஸ் இல்லாமல் எடுத்திருந்தோம். பல மையங்களில் இதுதான் வழக்கம். பிறகு திட்டக் கணினியில் தோலின் மேல் 5 மி.மீ. தடிமனில் போலஸை வரைந்து கணக்கிடுவோம். கணினி வரையும் போலஸ் தோலின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஒட்டியே படியும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மார்பு அப்படி இருப்பதில்லை. இவருக்குத் தழும்பின் வெளிமுனை, அக்குளுக்குச் சற்றுக் கீழே, உள்வாங்கிப் பள்ளமாக இருந்தது. அதன் மேல்பக்கம் தையல் மடிப்பு ஒன்று மேடாக நின்றது.

திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. போலஸுக்கு அடியில் தோலெங்கும் 95 சதவீதத்துக்குக் குறையாத டோஸ். ஆனால் தோலின் முதல் 2, 3 மி.மீ.யில் கணினி காட்டும் எண்ணை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை. கணக்கு 2.5 மி.மீ. கட்டங்களில் நடக்கிறது, தோலோரக் கட்டத்தில் பாதி தோல், பாதி காற்று. அதனால் போலஸ் போடும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் தவணையில் டி.எல்.டி. வைத்து அளப்பது துறையின் நடைமுறை. படும் கதிரைச் சேமித்து வைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும் சிறிய உணரி அது.

முதல் நாள் அளவீடு

ஒரு திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கியது. ஐந்து இடங்களில் டி.எல்.டி. சில்லுகளை வைத்தோம்: மார்பெலும்பை ஒட்டி, தழும்பின் நடுவில், தழும்பின் வெளிமுனையில், மார்பின் கீழ் எல்லையில், மேல் எல்லையில். லித்தியம் ஃப்ளோரைடு சில்லுகள், 3.2 மி.மீ. சதுரம், 0.9 மி.மீ. தடிமன். துறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜிலும் டி.எல்.டி. உண்டு, ஆனால் நம் நாட்டில் அது கால்சியம் சல்ஃபேட். நோயாளியின் உடலில் வைக்க லித்தியம் ஃப்ளோரைடுதான் பொருத்தம், கதிருக்கு அது காட்டும் குணம் தசைக்கு நெருக்கமானது.

டி.எல்.டி.யை உடனே படிக்க முடியாது. கதிர்பட்டவுடன் வரும் நிலையற்ற ஒளிச் சைகை அடங்க ஒரு நாள் விட்டுவிடுவோம். ஆகவே திங்கட்கிழமை வைத்ததற்குச் செவ்வாய் பிற்பகல்தான் விடை வரும். அதற்குள் இரண்டாம் தவணை முடிந்துவிடும். இந்தத் தாமதம் இந்த முறையோடு கூடவே வருவது. முதல் நாளே அளக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நான்கு இடங்களில் அன்றைய 2 கிரேயில் 95 முதல் 98 சதவீதம் பதிவாகியிருந்தது. தழும்பின் வெளிமுனையில் மட்டும் 86.

இரண்டு உணரிகள், இரண்டு எண்கள்

86 என்பது பதறவைக்கும் எண் அல்ல. சில்லுக்குச் சில்லு மூன்று சதவீதம் வரை ஏறி இறங்கும். ஒட்டிய டேப் நகர்ந்திருக்கலாம். நோயாளி அன்று தேங்காய் எண்ணெய் தடவி வந்திருந்தார், டேப் சரியாகப் பிடிக்கவில்லை என்று டெக்னீஷியனே குறித்து வைத்திருந்தார். "இன்னொரு தடவை டி.எல்.டி. வெச்சுப் பாத்துடலாமே சார்" என்றார் இளைய ஃபிசிசிஸ்ட். நியாயமான யோசனைதான். ஆனால் அதே உணரியால் மறுபடி அளந்தால் அந்த எண் உண்மையா என்பது மட்டுமே தெரியும். ஏன் குறைந்தது என்பது தெரியாது.

அதனால் புதன்கிழமை மூன்றாம் தவணையில் ஒவ்வோர் இடத்திலும் டி.எல்.டி.யோடு கதிர் பட்டால் நிறம் மாறும் கேஃப்குரோமிக் ஃபிலிமில் ஒரு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோல் அளவீடுகளில் அதிகமாகக் குழப்பம் வருவது இங்கேதான்.

தோலில் கதிர்ப்புண் தொடங்குவது மேல்தோலின் அடித்தளச் செல் அடுக்கில். தோல் டோஸைக் கணக்கிட அதன் ஆழத்தை 0.07 மி.மீ. என்று வைத்துக்கொள்வது பன்னாட்டு வழக்கம். அந்த ஆழத்தில் நேரடியாக அளக்கும் கருவி எதுவும் எங்களிடம் இல்லை. நாங்கள் வைத்த ஈ.பி.டி.3 வகை ஃபிலிமில் உணரும் அடுக்கு 0.03 மி.மீ.க்கும் குறைவு, அதன் இருபுறமும் எட்டில் ஒரு மி.மீ. பாலியெஸ்டர். ஆக, ஃபிலிம் அளப்பது சுமார் 0.15 மி.மீ. ஆழத்தின் டோஸை. டி.எல்.டி. சில்லு தன் முழுத் தடிமனின் சராசரியைத் தருகிறது; தண்ணீர்க் கணக்கில் அது ஒரு மி.மீ. ஆழத்துக்கு அருகில் வரும். போலஸ் இல்லாத வெறும் தோலில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. 6 எம்.வி. கதிரின் டோஸ் முதல் ஒரு மி.மீ.க்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஒரே தோலில், ஒரே நேரத்தில், இரண்டு உணரிகளும் வெவ்வேறு எண் காட்டும்; இரண்டுமே சரி. எந்த ஆழத்தில் அளந்தது என்று எழுதாத தோல் டோஸ் எண்ணை நான் அறிக்கையில் ஏற்றுக்கொள்வதில்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். போலஸ் தோலோடு ஒட்டிப் படிந்திருந்தால், டோஸ் ஏறும் பகுதி போலஸுக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். தோலில் சரிவு மிகச் சிறிது. அப்போது 0.15 மி.மீ.யில் அளந்தாலும் ஒரு மி.மீ.யில் அளந்தாலும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும். இரண்டும் விலகினால் தோலில் டோஸ் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதாவது அந்த இடத்தில் போலஸ் தன் வேலையைச் செய்யவில்லை.

ஃபிலிமையும் ஒரு நாள் வைத்திருந்துதான் ஸ்கேன் செய்வோம். வியாழக்கிழமை விடை வந்தது. நான்கு இடங்களில் ஃபிலிமும் டி.எல்.டி.யும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போயின. தழும்பின் வெளிமுனையில் டி.எல்.டி. 87, ஃபிலிம் 80.

86க்குப் பிறகு 87 வந்ததால் முதல் நாள் எண் டேப்பின் பிழையல்ல என்று உறுதியானது. ஃபிலிம் இன்னும் ஏழு புள்ளி கீழே இருந்ததுதான் முக்கியமான செய்தி. அந்த இடத்தில் போலஸுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருக்கிறது.

சி.டி.யில் தெரிந்தது

அன்றே நோயாளியைச் சி.டி. அறைக்குக் கூட்டிப்போய், சிகிச்சையின்போது படுக்கும் அதே பலகையில் படுக்கவைத்து, தினமும் போடும் அதே ஜெல் ஷீட்டை டெக்னீஷியனே விரித்து, மார்பை மட்டும் ஸ்கேன் எடுத்தோம். தழும்பின் வெளிமுனைப் பள்ளத்தில் ஷீட் இறங்கவே இல்லை. தையல் மடிப்பின் மேட்டில் ஏறி, பள்ளத்தின் மேல் பந்தலாக நின்றது. ஆழமான இடத்தில் இடைவெளி 14 மி.மீ. அதோடு ஷீட்டின் வெளி ஓரம் தூக்கிக்கொண்டு உள்பக்கமாக நகர்ந்திருந்தது. பக்கவாட்டிலிருந்து வரும் கதிரின் ஒரு பகுதி போலஸைத் தொடாமலே தோலில் விழுந்துகொண்டிருந்தது.

டெக்னீஷியன்களிடம் தவறு ஏதும் இல்லை. மேலிருந்து பார்த்தால் ஷீட் நன்றாகப் படிந்திருப்பதாகவே தெரிகிறது. பள்ளம் இருப்பது அடியில். கையை அடியில் விட்டால் ஷீட் நகர்ந்துவிடும் என்பதால் யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

இந்தப் புதிய சி.டி.யில் உண்மையான போலஸை வைத்து அதே திட்டத்தைக் கணக்கிட்டபோது, முன்பு 97 காட்டிய இடத்தில் கணினி 89 காட்டியது. ஃபிலிமின் 80க்கு அது இறங்கவில்லை, தோலோரக் கட்டங்களில் இறங்கும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் திசை ஒன்றே. அளவீட்டுக்கும் படத்துக்கும் இடையில் முரண் இல்லை என்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, சிகிச்சையை நிறுத்திவைப்பதா என்பது. புதிய போலஸ் செய்து, அதை வைத்துச் சி.டி. எடுத்து, புதுத் திட்டம் போட்டுச் சரிபார்க்கத் திங்கட்கிழமை ஆகிவிடும். நிறுத்த வேண்டாம் என்றார் மருத்துவர். குறை, சில செ.மீ. அகலமுள்ள ஓர் இடத்தின் மேல்தோலில் மட்டுமே. மார்புச்சுவரின் மற்ற பகுதிக்கும் நெறிக்கட்டிப் பகுதிக்கும் டோஸ் சரியாகவே போகிறது. அந்த ஓரிடத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்தினால் இழப்பு அதிகம். வியாழனும் வெள்ளியும் ஈரத்துணிக் கட்டைப் பள்ளத்தில் வைத்து அதன் மேல் ஷீட்டைப் போட்டோம். ஈரத்துணி தற்காலிக ஏற்பாடுதான். நீர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும், ஏசி அறையில் நோயாளிக்குக் குளிரும். வெள்ளிக்கிழமை ஃபிலிம் வைத்ததில் அந்த இடம் 93க்கு ஏறியிருந்தது.

அடுத்து, எந்தப் போலஸ்? தடிமனான ஜெல் ஷீட் போடலாம் என்ற யோசனை வந்தது. தடிமன் கூடினால் வளைவது இன்னும் குறையும், பள்ளம் அப்படியே நிற்கும். முப்பரிமாண அச்சில் செய்யும் வசதி எங்களிடம் இல்லை. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெழுகுத் தகடுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தகடு சுமார் ஒன்றரை மி.மீ. கைக்குத் தாங்கும் சூட்டு நீரில் இளக்கி, நோயாளியின் மார்பில் மெல்லிய பிளாஸ்டிக் உறை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு தகடாக அழுத்திப் படியவைத்து, 5 மி.மீ. தடிமன் வரும்வரை அடுக்கினோம். ஒவ்வொரு தகட்டையும் முதலில் எங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தோம். அறுவை சிகிச்சை செய்த இடத்தில் பலருக்கு உணர்வு குறைந்திருக்கும். சூடு அதிகம் என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். ஆறியதும் மெழுகு அந்த வடிவத்திலேயே இறுகிவிட்டது. தினமும் ஒரே இடத்தில்தான் பொருந்தும் என்பது கூடுதல் நன்மை. அதை வைத்து எடுத்த சி.டி.யில் எங்கேயும் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லை. மெழுகுக்குள் காற்றுக் குமிழிகள் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். அந்தச் சி.டி.யிலேயே திட்டத்தைப் புதிதாகப் போட்டோம்.

கடைசியாக, விட்டுப்போன டோஸ். முதல் மூன்று தவணைகளில் ஃபிலிம் கணக்கில் 20 சதவீதக் குறை, அதாவது 1.2 கிரே. ஈரத்துணி வைத்த இரண்டு நாட்களில் சுமார் 0.3 கிரே. மொத்தம் ஒன்றரை கிரே, அதுவும் மேல்தோலில், ஓரிடத்தில். இதற்காக ஒரு தவணை கூட்டினால் சரியான டோஸ் பெற்ற மீதித் தோலுக்கு 2 கிரே அதிகமாகிவிடும். அதற்குப் பதில், ஏற்கெனவே எழுதியிருந்த எலக்ட்ரான் தவணைகளின் புலத்தை வெளிமுனை முழுவதும் உள்ளே வரும்படி நீட்டினார் மருத்துவர். குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களின் மேற்பரப்பு டோஸ் உச்சத்தில் சுமார் 80 சதவீதம்தான் என்பதால், அப்போதும் மெழுகுப் போலஸ் வேண்டும் என்று குறித்தார்.

நடந்ததை மருத்துவர் நோயாளியிடமும் அவர் மகளிடமும் சொன்னார். "அப்போ அந்த இடத்துல கம்மியாத்தான் பட்டுருக்கு, கருகல இல்ல?" என்றுதான் நோயாளி கேட்டார். குறைவாகப் படுவதும் நல்லதல்ல என்பதை மறுபடியும் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது.

தொடர்ந்த வாரங்கள்

ஆறாம் தவணையில் மெழுகுப் போலஸோடு அளந்தோம். தழும்பின் வெளிமுனையில் டி.எல்.டி. 98, ஃபிலிம் 97. இரண்டும் ஒட்டி நின்றன. வாரம் ஒருமுறை சோதிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்தில் தோல் மாறத் தொடங்கியது. தோல் பாதிப்புக்கான பாடப்புத்தகத் தரவரிசைகள் தோல் சிவப்பதை வைத்து எழுதப்பட்டவை. நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு தெரியாது, கருமைதான் ஏறும். பார்வைக்கு முதல் தரம், அதாவது லேசான பாதிப்பு, என்று தோன்றிய நாளிலேயே நோயாளி இரவில் எரிச்சலால் தூங்கவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்த நர்ஸ்தான் சூடு தெரிகிறது என்றார். இது இந்த ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. கண்ணை நம்பித் தரம் போடுவதால் நம் நோயாளிகளின் தோல் வேதனை குறைத்து எழுதப்படுகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தோல் டோஸை எண்ணாக வைத்திருப்பதன் தேவை இங்கே இன்னும் அதிகம்.

அந்த வாரமே அக்குள் மடிப்பில் அவர் எரிச்சல் சொன்னார். அங்கே தோல் தோலோடு ஒட்டியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் தோலே போலஸாகிவிடும். போதாததற்கு மெழுகின் வெளி ஓரமும் மடிப்பின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. ஃபிலிம் துண்டை மடிப்புக்குள் வைத்ததில் 92 சதவீதம். நோய் இருந்த தோல் அதுவல்ல, அங்கே அவ்வளவு டோஸ் தேவையில்லை. மருத்துவர் கையால் தொட்டு எல்லை குறிக்க, மெழுகின் ஓரத்தை ஒரு செ.மீ. செதுக்கினோம். செதுக்கிய பிறகு 84.

தோல் நொந்தபின் டேப்பால் ஒட்டுவதை நிறுத்திவிட்டோம். பிய்க்கும்போது டேப்போடு தோலும் வந்துவிடும். மெழுகின் அடிப்பக்கத்திலேயே ஃபிலிமை ஒட்டி அளந்தோம்.

விளைவு

18ஆம் தவணைக்குப் பிறகு தோலைப் பார்த்து, எக்ஸ் கதிருக்குப் போலஸ் போதும் என்று மருத்துவர் நிறுத்தினார். கடைசி வாரத்தில் அக்குள் மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரமாக உரிந்தது. தழும்பின் வெளிமுனை உட்பட மற்ற இடங்களில் கருமையும் உலர்ந்த உரிதலும் மட்டுமே. எலக்ட்ரான் தவணைகள் உட்பட முழுச் சிகிச்சையும் இடையில் நிற்காமல் முடிந்தது. உரிந்த இடம் மூன்று வாரங்களில் ஆறியது. ஆறாவது மாதப் பரிசோதனையில் தழும்பில் எதுவும் இல்லை. அது நல்ல செய்தி, ஆனால் போலஸை மாற்றியதால்தான் என்று சொல்ல ஒரு நோயாளியும் ஆறு மாதமும் போதாது.

மாற்றிக்கொண்டவை

மார்புச்சுவருக்குப் போலஸ் என்று எழுதப்பட்டால் திட்டமிடல் சி.டி.யையே உண்மையான போலஸோடு எடுக்கிறோம். சி.டி. அறையில் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகிறது. கூட்டம் அதிகமான நாட்களில் அது சிரமம்தான், ஆனால் இதை விட்டுக்கொடுப்பதில்லை. ஷீட் படியாது என்று அங்கேயே தெரிந்தால் மெழுகு.

அளக்கும் இடங்களைத் தேர்வதும் மாறியிருக்கிறது. முன்பு புலத்தில் சம தூரத்தில் ஐந்து இடங்கள். இப்போது போலஸ் மோசமாகப் படியக்கூடிய இடங்கள் முதலில்: தழும்பின் முனைகள், பள்ளங்கள், மடிப்போரங்கள். இந்த நோயாளிக்கு வெளிமுனையில் சில்லு வைத்தது ஓரளவுக்குத் தற்செயல். ஐந்து செ.மீ. தள்ளி வைத்திருந்தால் எல்லா எண்களும் நன்றாக இருந்திருக்கும், 25 தவணையும் அப்படியே போயிருக்கும்.

சந்தேகம் வந்த பிறகு ஃபிலிமைத் தேடுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் முதல் நாளே டி.எல்.டி.யும் ஃபிலிமும் சேர்ந்தே இருக்கும். அறிக்கையில் இரண்டு எண்களையும், எந்த ஆழம், போலஸ் உண்டா இல்லையா என்பதையும் தனித்தனியாக எழுதுகிறோம். வாராந்தரப் பரிசோதனைத் தாளில் தோலின் நிறத்தோடு எரிச்சல், தூக்கம், தொட்டால் சூடு ஆகிய மூன்றையும் கேட்டு எழுத நர்ஸ்கள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அக்குள் மடிப்பு மட்டும் இன்னும் தீரவில்லை. மெழுகைச் செதுக்கியும் 84க்குக் கீழே இறங்கவில்லை, தோல் உரிந்ததும் அங்கேதான். கையைத் தூக்கிவைக்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் மடிப்பு திறக்கிறதா என்று அடுத்தடுத்த நோயாளிகளிடம் சி.டி. எடுக்கும்போதே பார்த்துவருகிறோம். சிலருக்குத் திறக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் தோள் இறுகிப்போனவர்களுக்குத் திறப்பதில்லை, அவர்களைச் சி.டி.க்கு முன்பே ஃபிசியோதெரபிக்கு அனுப்புவது பற்றி மருத்துவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.